அத்தையின் கையில் இருந்த கோபம்

மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் பின்னறையில் நீலத் திரைகளை இழுத்துவிடுவார்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஒரு வெளிச்சம் அறை முழுக்க நிரம்பும். சின்னச் சின்ன மெத்தைகளில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் 'தூக்க அக்கா' என்பார்கள். தட்டித் தூங்கவைப்பது அவள் வேலை. எப்பேர்ப்பட்ட வாலுப் பயலும் அவள் கை முதுகில் பட்டால் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடுவான்.

கொஞ்ச நாளாக அந்தக் கைக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில் எழும்போதே அக்காவின் மூஞ்சி உர்ரென்று இருக்கிறது. வீட்டுக்காரர் தும்மினால்கூடக் குற்றம். என்னவென்று கேட்டால் வெயில் என்பாள், முதுகுவலி என்பாள், சமையற்காரம்மா பாத்திரம் உருட்டுகிறாள் என்பாள். கடைசியில் பழி பிசாசின் தலையில் விழுந்தது. தினமும் ஜெபத்தில் முழங்காலில் நின்று அவனைத் திட்டித் தீர்த்தாள். பாவம், இந்த ஒரு விஷயத்தில் அவன் நிரபராதி.

ஒரு நாள் காலை காப்பகத்தை நடத்தும் அம்மா கூப்பிட்டார். "உங்க தம்பி பொண்டாட்டி திங்கக்கிழமையிலேர்ந்து பாப்பாவ வேற இடத்துல விடப் போறாங்களாம். இங்க அவ தூங்கறதே இல்லையாம்."

அக்காவுக்குத் திக்கென்றது. தம்பி மகள், பிறந்ததிலிருந்து இவள் தோளிலேயே கிடந்த பிள்ளை! மதியம் முதல் வேலையாக அவளிடம் போய் முதுகில் கை வைத்தாள். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. அழவில்லை. இரண்டு கைகளாலும் அத்தையின் கையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அக்கா அங்கேயே கண்ணை மூடினாள். அன்றைக்குப் பிசாசைத் திட்டத் தோன்றவில்லை. "ஆண்டவரே, எனக்கு என்னதான் ஆச்சு? நீரே சொல்லும்," என்றாள்.

மின்விசிறி சுற்றச் சுற்ற இமை கனத்தது. தூக்கமுமில்லை, விழிப்புமில்லை. தொலைந்த தோட்டைத் தேடுகிறவள் போல, மனசுக்குள் வந்த வழியே பின்னால் நடந்தாள். ஆண்டவரும் அவசரமே இல்லாமல் கூட வந்தார். காப்பகத்து அடுப்படி வந்தது. இங்கேயா? இல்லை, பாத்திரம் உருளும் முன்பே அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். பேருந்து வந்தது, வீடு வந்தது. அங்கேயும் இல்லை. நாட்கள் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டன. ஆலயத்து வாசல் வந்தது. அங்கே அவளே நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தம்பி மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு ஆராதனையின் முதல் பாட்டு பல வருடமாக அக்காவுடையது. அந்த வாரம் போதகர் அதைத் தம்பி மனைவிக்குக் கொடுத்துவிட்டார். விசுவாசி கோபப்படலாமா? அக்கா சிரித்தாள், வாழ்த்தினாள், வீட்டுக்கு வந்து கதவைப் படாரென்று சாத்தினாள். ஆலயத்து வாசலில், அந்தச் சிரிப்பின் முன்னால் ஆண்டவர் நின்றுவிட்டார்.

"பொறாமை," என்றாள் மெல்ல. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடவில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

சாயங்காலம் தம்பி மனைவி பிள்ளையைக் கூட்டிப் போக வந்தபோது வாசலிலேயே மறித்தாள். "உம்மேல எனக்குப் பொறாமைம்மா. பாட்டு கைய விட்டுப் போனதிலேர்ந்து. நீ அருமையாப் பாடினதா அன்னிக்கு மனசாரச் சொல்லல."

"தெரியும் அண்ணி," என்றாள் அவள். "அதைக்கூடத் தாங்கிக்குவேன். இவ தூங்கப் போறப்பல்லாம், 'அத்தைக்கு என்னப் புடிக்கலையாம்மா?'ன்னு கேக்கறா. அதுதான் தாங்க முடியல."

அக்காவுக்கு நெஞ்சு உடைந்துபோயிற்று. தெருவென்றும் பாராமல் குழந்தையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "உன்னப் புடிக்காமப் போகுமாடா கண்ணு? அத்தைக்குக் கோவமெல்லாம் உங்கம்மா பாட்டு மேலதான்."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "எனக்குந்தான்," என்றது. "எப்பப் பாத்தாலும் பாடிக்கிட்டே இருக்காங்க. கதையே சொல்றதில்ல."

முதலில் சிரித்தது தம்பி மனைவிதான். வேறு இடம் பற்றிய பேச்சு அந்த வாசலோடு போயிற்று. முதல் பாட்டை இப்போதும் அவள்தான் பாடுகிறாள். அக்காவுக்கு இப்போதும் உள்ளே லேசாக எரியும். எரியும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி மகளைப் பார்ப்பாள். இரண்டு பேரும் கண்ணடித்துக்கொள்வார்கள்.