சமீருல்லா பாய் கேட்ட சத்தம்

பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடி, காதைச் சீட்டோடு ஒட்டிக்கொண்டுதான் சமீருல்லா பாய் கார் சவாரி போவார். ஓட்டுவது, வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர். ஆம்பூர் பைபாஸில் பார்க்கிறவர்கள், யாரையோ வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து வழிவிடுவதும் உண்டு. ஏ.சி.யை அணைக்க வேண்டும், கண்ணாடியை ஏற்ற வேண்டும், வாயையும் மூட வேண்டும். "பேசறதுன்னா அப்பறமா பேசிக்கலாம். இப்ப வண்டி பேசட்டும்" என்பார்.

வயது ஐம்பத்து மூன்று. நாள் முழுக்கக் கிரீஸில் புரண்டாலும் சட்டைப் பையில் இருக்கும் கைக்குட்டை மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். அது எப்படியோ, அவருக்கே வெளிச்சம். பதினாறு வருடம் டேனரியில் ஃபிட்டர். தோல் ஊறிச் சுழலும் பெரிய மர டிரம்களின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, "இது ரம்ஜான் தாண்டாது" என்று பேரிங்குக்கு நாள் குறித்தவர். டேனரி மூடியதும் தனியாக ஷெட் போட்டார். சக்கரமும் பிரேக்கும் மட்டும்தான் தொடுவார். எஞ்சினைப் பற்றிக் கேட்டால், "அது வேற டிபார்ட்மென்ட்டு."

கர்வம் உண்டு. கொஞ்சமல்ல, ஜாஸ்தி. "நம்ம கை பட்ட வண்டி அதே வேலைக்குத் திரும்பி வந்ததில்ல" என்று பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி, ஊரும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டது. எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அமீர் பாஷா அதைச் சொல்லித்தான் ஆள் அனுப்புவார். அமீர் பாஷா காதில் விழுந்த எந்தச் சேதியும் சாயங்காலத்துக்குள் ஆம்பூரை ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து நின்றது பூவரசனின் வாடகைக் கார். போன வெள்ளிக்கிழமைதான் முன் சக்கரங்களுக்குப் பாயிடம் பிரேக் வேலை செய்து கொண்டுபோயிருந்தான்.

"உங்க வேலையில ஒண்ணும் தப்பில்ல பாய்" என்று இழுத்தான். "அறுபதைத் தாண்டுனா உய்ய்னு ஒரு சத்தம். ஜோலார்பேட்டைலேர்ந்து ஒரு அம்மாவ வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன் இல்ல, அவங்க பயப்படறாங்க. நாளைக்கும் சத்தம் வந்தா வேற வண்டி பாத்துக்கறாங்களாம். ஒரே பேஜாரா கீது."

பாய் பின் சீட்டில் படுத்தார். ஓடும்போதே பிரேக்கை லேசாக மிதிக்கச் சொன்னார், சத்தம் மாறவில்லை. அப்படியானால் கோளாறு பிரேக் பேடில் இல்லை. வலப்பக்கம் வளைக்கச் சொன்னார். பாரம் இடது சக்கரத்தின் மேல் விழுந்ததும் சத்தம் ஏறியது. இடப்பக்கம் வளைத்தால் கம்மியானது. ஷெட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு, இடது முன் சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையை ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். உள்ளே மணல் அரைபடுவது போலிருந்தது. பேரிங் போய்விட்டது.

ஏன் போனது என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பிரேக் டிஸ்க்கைக் கழற்ற, எண்ணெய் விட்டு அரைமணி காத்திருப்பது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. எண்ணெயை விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தால் திரும்பி வருவதற்குள் அது தானே இளகியிருக்கும். முடித்துவிட்டுத்தான் போவது என்று ஒரு வீம்பு. சுத்தியலால் மூன்று போடு போட்டார். டிஸ்க் வந்தது, அடி பேரிங்கில் இறங்கியது. தொழுகையில் முன்வரிசையில் இடம் கிடைத்த சந்தோஷம் வேறு அன்றைக்கு.

புதுப் பேரிங்கைக் கொண்டுவந்த அமீர் பாஷா காரை ஒரு பார்வை பார்த்தார். "லட்சம் கிலோமீட்டர் ஓடுன வண்டி. பேரிங் போவத்தான் செய்யும்."

"ஆமா பாய், அதுக்கும் வயசாவுது இல்ல?" என்றான் பூவரசன்.

பாய் புதுப் பேரிங்கைக் கையில் வாங்கிக்கொண்டார். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். பதினோரு வருடப் பேர் அப்படியே நிற்கும். அப்படி ஓர் எண்ணம் வந்ததே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. அமீர் பாஷா அங்கேயே நின்றிருக்க, அதைப் பொருத்தி முடித்தார்.

பிறகு, கழற்றி வைத்த டிஸ்க்கைத் துணியால் அழுத்தித் துடைத்தார். போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே மூன்று சுத்தியல் தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. பூவரசனைக் கிட்டே கூப்பிட்டு, அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு தடத்தின் மேலும் வைத்தார்.

"இன்னா பாய் இது?"

பாய், பிடித்த விரலை விடாமல் தூக்கித் தன் நெஞ்சுக்கு நேராகத் திருப்பி, அமீர் பாஷா பார்க்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.