அம்மா உதட்டில் படித்த ஜேர்மன்

போன வைகாசியில் ஒரு வெள்ளியும் சனியும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நோர்ட்ஹோர்ன் போய் வந்தேன். ஒல்லாந்து எல்லையோரம் இருக்கிற சின்ன ஊர். பேர்லினில் யாரிடம் பெயரைச் சொன்னாலும் முழிப்பார்கள். தொண்ணூறுகளில் நானும் தம்பியும் வளர்ந்தது அங்கேதான். ஊரில் பாதிப் பேருக்கு நெசவாலைதான் சோறு போட்டது. அம்மாவும் அங்கே தறி பார்த்தார். வயதான பெற்றோரைப் பழைய ஊருக்குக் கூட்டிப் போக யோசிக்கிறவர்களுக்கு இது உதவலாம்.

ஏன் போனோம் என்றால், அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. பாதி வயது, பாதி தறி என்றார் டொக்டர். ஆலையில் காதடைப்பான் கொடுத்தார்கள்தான். போட்டால் தலை சுற்றுகிறது என்று அம்மா அதைக் கைப்பையில் வைத்துப் பத்திரமாகப் பாதுகாத்தார்! டொக்டரிடம் டெர்மின், அதுதான் முன்பதிவு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக எடுத்து வாங்கிய காதுக்கருவி இப்போது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதில் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்குதாம், மனிதர் கதைப்பது கேட்கவில்லையாம்.

கோயிலில் ஒரு அக்கா தன் தமையன் செத்துப்போன செய்தியைச் சொல்ல, அம்மா சிரித்த முகத்தோடு "நல்லது, நல்லது, சந்தோசம்" என்றுவிட்டார். அதோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு கடைக்கு. பிறகு வீட்டிலும் எதற்கெடுத்தாலும் ஒரு தலையாட்டல் மட்டும். கதைகாரி என்று பெயரெடுத்த மனுசி. பேச்சே அவரை விட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் தானாக வாய் திறந்து, "கேர்டா இருக்கிறாளோ தெரியாது" என்றார். கேர்டா, அம்மாவின் பக்கத்துத் தறிக்காரி. ஆலை மூடி நாங்கள் பேர்லினுக்கு வந்தபிறகு தொடர்பு விட்டுப்போனது. அம்மாவுக்கு ஜேர்மன் எழுத வராது. தொலைபேசியில் இருவருக்குமே ஒன்றும் கேட்காது. பழைய விலாசத்துக்கு ஒரு தபாலட்டை போட்டுப் பார்த்தேன். "இன்னும் சாகவில்லை. வாருங்கள்" என்று பதில் வந்தது.

பேர்லினிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகிற ரயிலில் ஏறி, பாட் பென்ட்ஹைமில் இறங்க வேண்டும். ஏறக்குறைய நாலு மணித்தியாலம். முன்கூட்டியே எடுத்தால் மலிவு; எங்கள் இருவருக்கும் ஒரு வழிக்கு ஐம்பத்தொன்பது யூரோ ஆனது. பென்ட்ஹைமில் சின்ன ரயில் மாறினால் இருபது நிமிடத்தில் நோர்ட்ஹோர்ன். என் சின்ன வயதில் இந்த ரயில் கிடையாது, பஸ்தான். அதில் தம்பி ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுப்பான்.

நான் விட்ட பிழை, இடம் பதியும்போது பார்க்காமல் அமைதிப் பெட்டியில் பதிந்தது. அந்தப் பெட்டியில் போன் கூடாது, உரத்த பேச்சு கூடாது. நானோ அம்மாவின் காதுக்குள் "தண்ணி வேணுமோ? தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டு வருகிறேன். எதிர்ச் சீட்டுப் பெண்மணி சுவரில் இருந்த 'சத்தம் போடாதே' படத்தை விரலால் காட்டினார். அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், தண்ணீரைத் தொடவில்லை.

அப்போது டிக்கெற் பார்க்கிறவர் வந்தார். அம்மாவுக்கு நேரே குனிந்து, ஒல்லாந்துக்குச் சீஸ் வாங்கவா போகிறீர்கள் என்று ஜேர்மனில் கேட்டார். சாதாரணக் குரல். அம்மா டக்கென்று, இல்லை, சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன், சீஸ் அவள் வாங்கி வைத்திருப்பாள் என்றார். எனக்கு வந்ததே கோபம். பெத்த பிள்ளை தொண்டை கிழியக் கத்துவது கேட்காது, ஊர் பேர் தெரியாதவன் மெல்லக் கேட்டால் கேட்குமா? அதை அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அம்மா அதற்கும் தலையாட்டினார்.

நோர்ட்ஹோர்ன் வாய்க்கால்கள் ஓடுகிற ஊர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே நடு ஊருக்குப் போய்விடலாம். பழைய ஆலைக் கட்டடங்களில் சிலது இடிபட்டு வீடுகள் வந்திருக்கின்றன. ஒன்றில் மண்டபமும் கஃபேயும் நடத்துகிறார்கள். சிவப்புச் செங்கல்லைப் பார்த்ததும் அம்மாவின் நடை வேகமாகிவிட்டது. நான்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

எங்கள் சின்ன வயது முழுக்க அந்த ஆலைதான். அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட். பின்னேரம் வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். மெத்தை விரிப்பும் தலையணை உறையும் நெய்கிற ஆலை என்பதால் பிழை விழுந்த துணி வேலையாட்களுக்கு மலிவாகக் கிடைக்கும். அம்மா அதில் எனக்குச் சட்டை தைப்பார். நீல யானை போட்ட சட்டையோடு பெருமையாகப் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் ஒருத்தி உற்றுப் பார்த்துவிட்டு, "நான் இதில்தானே படுக்கிறேன்" என்றாள். விசாரித்தால் பாதி வகுப்பு அதில்தான் படுத்திருக்கிறது. எனக்கு வெட்கமும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. ஆசிரியை வீட்டிலும் அதே யானைதானாம்.

தறிக்கூடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் சத்தமே போடாமல், வாயை நன்றாகத் திறந்து, உதட்டால் கதைத்தார்கள். அம்மாவுக்கு ஜேர்மன் வகுப்பு என்று ஒன்று கிடைத்ததில்லை. கேர்டாவின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே படித்தார். இதில் ஒரு வில்லங்கம். உதட்டில் 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான்; கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். ஜேர்மனில் பட்டர் 'புட்டர்', அம்மா 'முட்டர்'. எங்கள் அம்மா கடைக்குப் போய்க் கால் கிலோ முட்டர் கேட்டார். விற்கிற பெண், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, உனக்கு ஒரு அம்மா போதாதா என்றாள்.

மற்ற வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு விளங்கக்கூடாத கதையை ஜேர்மனில் கதைப்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். ஜேர்மனில் கிசுகிசுத்தால் அடுத்த அறை வாசலில் நின்றே அம்மா பிடித்துவிடுவார். ஆகவே நானும் தம்பியும் களவுக் கதையெல்லாம் வாயை அசைக்காமல் தமிழில் குசுகுசுத்தோம். தமிழை அம்மா காதால்தானே கேட்டு வளர்ந்தவர், உதட்டில் அதைத் தேடிப் பழகவில்லை. பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் மண்டபத்தின் அந்த முனையில் ஆசிரியை என்னைப் பற்றி யாரிடமோ சொன்னதை இந்த முனையிலிருந்தே வாசித்துவிட்டு வந்து அம்மா என்னை ஏசிய கதையும் உண்டு.

கஃபேயில் கேர்டா முதலே வந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவைவிட மூத்தவர், கைத்தடி, இரண்டு காதும் போய்விட்டது. அம்மா வாசலில் நின்றுவிட்டார். "என்னை மறந்திருப்பாள்" என்று என் கையைப் பிடித்தார். கேர்டா அங்கிருந்தபடியே உதட்டை அசைத்தார். அம்மா சிரித்தபடி அங்கிருந்தே பதில் சொன்னார், சத்தமில்லாமல். என்ன சொன்னார் என்று கேட்டேன். பிந்தி வந்தால் சம்பளத்தில் வெட்டு என்றாராம்.

பிறகு நடந்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். இரண்டு மனுசிகள், இரண்டு கோப்பி, ஒரு ஆப்பிள் கேக், பதினொரு யூரோ எண்பது சென்ட். ஒரு சத்தமும் இல்லை. கைகள் பறக்கின்றன, புருவம் ஏறி இறங்குகிறது, இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். எல்லா அலுவலகத்திலும் அம்மாவுக்கு மொழிபெயர்த்து வளர்ந்த எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மாதான் போனால் போகிறதென்று இடைக்கிடை எனக்குத் தமிழில் சொன்னார்: பழைய மேலாளர் மூன்றாம் கலியாணம் கட்டிவிட்டாராம். நான் அம்மாவின் காதுக்குள் "கேக் சாப்பிடுங்கோ" என்று கத்தியபோது கேர்டா என்னைப் பார்த்து உரத்து, நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல் ஏன் உன் அம்மாவைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார். கஃபே முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சிவந்தாலும், அப்போதுதான் மண்டையில் ஏறியது. நாங்கள் எல்லோரும் அம்மாவின் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். அவருடைய முகத்துக்கு முன்னால் போய் யாரும் நின்றதில்லை.

போகிறவர்களுக்குச் சில விசயம். இரவு தங்குங்கள், ஒரே நாளில் போய் வர வயதானவர்களால் ஏலாது. வாய்க்காலருகில் எங்களுக்கு எண்பத்தொன்பது யூரோவுக்கு அறை கிடைத்தது, காலைச் சாப்பாட்டோடு. ஒல்லாந்து எல்லை சைக்கிளில் அரை மணி நேரம். மேடு பள்ளம் இல்லை. காது கேட்காதவரோடு போனால் பக்கத்துப் பக்கத்துச் சீட் எடுக்காதீர்கள். எதிரும் புதிருமாக, நடுவில் மேசை வைத்த இடமாகக் கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் ரயிலிலும் அமைதிப் பெட்டிதான், அதையும் நான்தானே பதிந்தேன். இந்த முறை எதிரே உட்கார்ந்தேன். கேர்டா பாண் துண்டுகளுக்கு நடுவே சீஸ் வைத்துக் கட்டித் தந்திருந்தார். நான் வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல், தமிழில் கேட்டேன், பாண் வேணுமோ என்று.

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, "மானோ? எங்க?" என்றார். பெட்டியே திரும்பிப் பார்த்தது, இரண்டு பேர் வெளியே மான் தேடினார்கள். நான் சிரித்த சிரிப்பில் பாண் பொதி கீழே விழுந்தது. எடுத்துக் காட்டினேன். அம்மாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு நான் ஒன்று கேட்க, அவர் ஒன்று சொல்ல, பத்துச் சொல்லில் எட்டைப் பிடித்துவிட்டார். தமிழிலும் உதட்டைப் பார்க்கலாம் என்று இருவருமே இத்தனை நாள் நினைக்கவில்லை.

ஓஸ்னாபுரூக் தாண்டியபின் அம்மா முன்னால் சாய்ந்து, மெல்லக் கேட்டார்: "பிள்ளை, என்ர எழுபதாவது பிறந்தநாளுக்கு மைக்கைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பற்றி என்னவோ சொன்னனீ. எல்லாரும் அழுதவை. நானும் அழுதனான். எனக்கு ஒரு சொல்லும் கேக்கேல்லை. என்ன சொன்னனீ?"

நானும் முன்னால் சாய்ந்தேன். இந்த முறை மைக்கும் தேவைப்படவில்லை, குரலும் தேவைப்படவில்லை. ஞாபகம் இருந்தவரை முதலிலிருந்து சொன்னேன். எங்களுக்கு ஒருநாளும் அடித்ததில்லை என்று சொன்ன இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "பொய். அடிச்சனான்." சரி என்று அதை எடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். குளிர்காலத்தில் இருட்டோடு வேலைக்குப் போகமுன் எங்கள் சப்பாத்துகளை ஹீட்டரில் வைத்துவிட்டுப் போவார், நாங்கள் எழும்பி அதற்குள் காலை நுழைக்கும்போது அது சூடாக இருக்கும், அம்மா வீட்டில் இல்லாத மாதிரியே இருக்காது என்று சொல்லி முடித்தேன்.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சப்பாத்து வாற இடத்தை இன்னொருக்காச் சொல்லு."