நாற்பது பை வைத்த உள்சட்டை

எங்கள் கடலோரக் கிராமத்துக்கு வரலாறு எழுதியவன் நான்தான். நூற்றிருபது பக்கம். கடத்தல் என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் கிடையாது. ‘கடல் வாணிபம்’ என்று இருக்கும். ஊர்த்தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது. அந்த வாணிபத்துக்கு உடுப்புத் தைத்த பெண்மணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவரை ஊரே பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடும்.

அக்கா கல்யாணமாகி வந்தது சுங்க அலுவலக ஜீப் டிரைவர் வீட்டுக்கு. வந்த மறுமாதமே ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுவிட்டார். முதலில் வந்தவன் ஒரு படகுக்காரன், மீசை அரும்பிய வயசு.

“அக்கா, உள்சட்டை ஒண்ணு தைக்கணும். நாப்பது பை வேணும்.”

“நாப்பதா? எதைப் போட்டு வைக்கப் போற?”

“தூண்டில் முள்ளுக்கா.”

“ஒரு முள்ளைக் குடு. அளவு பாக்கணும்ல?”

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மடியிலிருந்து ஒரு வெளிநாட்டுக் கைக்கடிகாரத்தை எடுத்து நீட்டினான். அக்கா டேப்பை வைத்து அளந்தார். காதருகே கொண்டுபோய்க் கேட்டார்.

“முள்ளு நல்லாத்தான் ஓடுது. வியாழக்கிழமை வா.”

அன்று தலை சொறிந்தவர்தான் இன்றைய ஊர்த்தலைவர்.

அதன் பிறகு அக்காவுக்கு ஊசியைக் கீழே வைக்க நேரமில்லை. டிரைவர் பகலெல்லாம் கடற்கரையில் கடத்தல்காரர்களைத் துரத்துவார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, அவர்களுடைய உள்சட்டைகளை நகர்த்திவைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். இப்படியே ஆறு வருஷம் போனது. தட்டில் உப்பு குறைந்தால் உடனே கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு, நாற்பது பை மட்டும் கண்ணில் படவேயில்லை.

ஒருநாள் பொட்டலம் மாறிப்போனது. தைக்கக் கொடுத்திருந்த சுங்க அதிகாரியின் காக்கிச் சட்டை ஒரு படகுக்காரன் வீட்டுக்கும், படகுக்காரனின் உள்சட்டை அதிகாரி வீட்டுக்கும் போய்விட்டன. மறுநாள் காலை வாசலில் ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அக்காவின் புருஷனேதான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதிகாரி உள்ளே வந்து கதவைச் சாத்தி, உள்சட்டையை மிஷின் மேல் விரித்தார்.

“இது என்னம்மா?”

“கடலுக்குப் போறவங்க சட்டை சார். பொருளெல்லாம் தனித்தனியா இருக்கணும்பாங்க.”

அதிகாரி ஒவ்வொரு பையிலும் விரலை விட்டுப் பார்த்தார். அக்கா மிஷினைப் பிடித்துக்கொண்டார்.

“தையல் சுத்தமா இருக்கும்மா. என் மாப்பிள்ளை அடிக்கடி வெளிநாடு போறவர். இதே மாதிரி ஒண்ணு வேணும். கொஞ்சம் தொப்பை உண்டு, பாத்துத் தைங்க.”

வெளியே டிரைவர், துடைத்த ஜீப்பையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்ததும் கேட்டார்: “எத்தனை வருஷமா நடக்குது இது?”

“கல்யாணம் ஆன மறுமாசத்துலருந்து.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

அவர் ஊசியை எடுத்து நூல் கோத்தார். அந்த வாரம் முதல் உள்சட்டைகளுக்குப் பட்டன் வைப்பது அவர் வேலையானது. அரசாங்க ஜீப்பும் அடிக்கடி மணலில் சிக்கத் தொடங்கியது.

கடத்தலை எந்த அதிகாரியும் ஒழிக்கவில்லை. அதே கடிகாரங்கள் நடைபாதையில் கூறுகட்டிக் கிடைக்கிற காலம் வந்தது, அவ்வளவுதான். படகுக்காரர்கள் பெரிய மனிதர்களானார்கள். ஒருவர் பள்ளிக்கூடம் கட்டினார். இன்னொருவர் மேடைதோறும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். புருஷன் போனபின் அக்கா சீருடை தைத்து வயிற்றைக் கழுவினார்.

என் புத்தக வெளியீட்டு விழா பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. ‘சீருடை தைத்துக் கல்விக்குத் தொண்டாற்றியவர்’ என்று தலைவர் அக்காவுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டியது என் தப்பு.

“சீருடை இப்பத்தான் ரெண்டு வருஷமா தைக்கிறேன். முப்பது வருஷம் தைச்சது உங்களுக்குத்தானே தம்பி? தலைவருக்கு நாப்பது பை. ஒழுக்கத்தப் பத்திப் பேசுறாரே, அவருக்கு அம்பத்தாறு. பள்ளிக்கூடம் கட்டினவருக்கு முதுகுல வேற பத்து.”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கலவரம்தான் என்று நான் பின்வாசலைப் பார்த்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “அக்கா, எங்கப்பாவுக்கு எத்தனை?”

“முப்பத்திரண்டு.”

அவன் நெஞ்சை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தான். அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். எங்க மாமாவுக்கு, எங்க சித்தப்பாவுக்கு என்று ஒரே கூச்சல். கடைசியில் தலைவரே மைக்கைப் பிடுங்கினார். “அக்கா, அந்த நாப்பது முதல் சட்டை மட்டும்தான். அப்புறம் அறுபதுல ஒண்ணு தைச்சீங்க, அதையும் சொல்லுங்க!”

புத்தகம் நாலு பிரதிதான் விற்றது. அக்கா வீட்டு வாசலில் ஒரு மாதம் கூட்டம் குறையவில்லை. கூட்டம் ஓய்ந்ததும் நானும் போனேன்.

“அக்கா, எங்கப்பாவுக்கு…”

“உங்கப்பாவா? அந்த மனுஷன் மீனத்தான்ப்பா பிடிச்சாரு. அவருக்கு நான் எதுவுமே தைக்கலையே.”

அப்பா நேர்மையானவர் என்று கேட்டு ஒரு மகன் குன்றிப்போனது உலகத்திலேயே அந்த ஒரு முறையாகத்தான் இருக்கும்.

“நல்லா யோசிங்கக்கா. ஒரு பத்தாவது இருக்கும்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: “சரி, பன்னெண்டுன்னு எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.