பாலிஷ் போட்ட ஒரு ரூபாய்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று ஆண்டிச்சாமிகள் உண்டு. நாணயச்சாலை ஆண்டிச்சாமி என்ற பட்டம் ஒருவருக்குத்தான். ரூபாய் அடிக்கிற இடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. வாசல் காவல். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, வடக்கே ஒரு நாணயச்சாலையின் கேட்டில் நின்று, வெளியே வருகிற தொழிலாளிகளின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, 1986இல் ஊர் திரும்பினார். உள்ளே ஒரு நாள்கூடப் போனதில்லை. போகாத இடத்தைப் பற்றி இவ்வளவு விவரமாகப் பேசுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரன், மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்து அக்கடா என்று உட்கார்ந்தால் வகுப்பு ஆரம்பித்துவிடும். உலோகத்தை உருக்கிப் பட்டையாக உருட்டுவார்களாம். அதிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி, சூளையில் சூடாக்கி இளக்கி, கழுவி, ஓரத்தை மேடாக்கிப் பிரஸ்ஸுக்கு அனுப்புவார்களாம். பிரஸ்ஸில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் வில்லை வந்து உட்கார்ந்ததும் ஒரே அடி. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒன்று என்ற எண்ணும் கதிரும். வில்லை தள்ளி உட்கார்ந்தால் படம் பாதிதான் விழும். வில்லையே வராமல் மெஷின் இறங்கிவிட்டால் இரண்டு அச்சும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். சிங்கத்தின் தடம் எதிர் அச்சில் பதிந்துவிடும். கவனிக்காமல் ஓட்டினால், அதற்குப் பிறகு அடிக்கிற காசிலெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் சிங்கத்தின் நிழல் மெல்லிசாக விழுந்துகொண்டே இருக்கும். சோதனையில் பிடித்து உருக்கியது போக, ஒன்றிரண்டு தப்பி ஊருக்குள் வந்துவிடும். அதை விலை கொடுத்து வாங்கப் பணக்காரர்கள் வெறி பிடித்து அலைகிறார்களாம். நானே இதை இப்படி ஒப்பிக்கிறேன் என்றால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஞானத்தால் அவர் டீக்கடையில் சில்லறை வாங்கினால் பின்னால் நிற்கிறவன் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு காசையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏழு வருஷம் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அரசாங்கம் அவரைப் பழிவாங்குவதற்காகவே ஒழுங்காகக் காசு அடித்துக்கொண்டிருந்தது.

1993 ஜூனில் அவர் மனைவி வெள்ளத்தாய் பூ வாங்கி வந்த சில்லறையில் அது இருந்தது. பெரிய சைஸ் பழைய ஒரு ரூபாய். எண்ணுக்கும் கதிருக்கும் நடுவே மங்கலாகச் சிங்கத்தின் நிழல். நானும் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, மனிதர் சொன்னதெல்லாம் நிஜம்தான். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நல்ல நேரத்தில்தான் வந்தது. மகள் செல்லக்கனிக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தப் பெண் ஒரு வருஷமாகத் தெருவில் கிடைத்தவர் மணிக்கட்டையெல்லாம் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடித்துடிப்பு எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் கட்ட வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்த வைகுண்டராஜ் பழைய காசும் வாங்கி விற்பார். ஆண்டிச்சாமி காசைக் கொண்டுபோய்க் காட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்த வைகுண்டராஜ் உடனே நாற்காலி எடுத்துப் போட்டாராம். பம்பாயிலிருந்து ஒரு பெரிய ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், நேராக வீட்டுக்கே கூட்டி வருகிறேன், இரண்டாயிரம் கைமேல் வாங்கித் தருகிறேன், பத்திரமாக வைத்திருங்கள் என்றாராம். அன்று சாயங்காலமே தேவதானத்திலிருந்து மச்சினன் ஆவுடையப்பன் இரண்டாயிரத்தைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். ஆண்டிச்சாமி சிரித்து, காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். பணக்காரர் மற்றவர் பணத்தை வாங்குவது மரியாதையில்லை அல்லவா?

பெரிய ஆள் வருகிறார் என்ற சொல் பட்டாளத்துக்காரர் காதில் விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இன்ஸ்பெக்‌ஷன். வியாழக்கிழமை காலையில் வாசல் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். வேப்பமரத்துக்கு இடுப்பளவு காவியும் வெள்ளையும் பூசினார். கொடியில் கிடந்த துணியைக்கூட அளவெடுத்து மடித்தார். பதினேழு வருஷம் பித்தளைப் பொத்தானையும் பெல்ட்டையும் தேய்த்த கை, பிறகு சும்மா இருக்குமா? காக்கித் துணியும் பித்தளை பாலிஷும் எடுத்துக்கொண்டு அந்தக் காசைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை, “கொஞ்சம் எமரி கெடைக்குமா?” என்று என்னிடம் கேட்டார். மில்லிலிருந்து, இரும்பு தேய்க்கிற ஜீரோ நம்பர் எமரித் தாள் கொண்டுவந்து கொடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் எட்டிப் பார்த்து, நல்லா மின்னுதே என்று பாராட்டும் வழங்கினேன். இரும்பையே எமரி என்ன செய்யும் என்று தெரிந்த ஃபிட்டர் நான். மற்றவரைக் கேலி பேச வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆண்டிச்சாமி சல்யூட் அடித்து, இந்தியில் வரவேற்று, சில்வர் தட்டில் காசை நீட்டினார். அது கண்ணைப் பறித்தது. பம்பாய்க்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். வைகுண்டராஜிடம் கொடுத்தார். வைகுண்டராஜ் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது நல்ல காசுல்லா. இதுல ஒரு தப்பும் இல்லையே.”

ஆண்டிச்சாமிக்கு முதலில் புரியவில்லை. “சிங்கம் நல்லாத் தெரியட்டும்னுதான தேய்ச்சேன்” என்றார்.

நாணயச்சாலையில் அத்தனை பேர் பார்த்தும் பிடிக்காமல் விட்ட தப்பை, வாசல் காவல்காரர் மூன்றே நாளில் தனி ஆளாகத் திருத்திவிட்டார். இதற்கு மெடல் கொடுக்கிற வழக்கம் இல்லை. வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

ஆண்டிச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“நூத்திப் பத்து. செத்த நேரம் படுங்கப்பா.”

அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எமரித் தாள் கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மத்தியான பஸ்ஸில் நானே தேவதானத்துக்கு ஓடினேன். ஆவுடையப்பன் அந்தப் பணத்தில் எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்திருந்தார். மீதி முந்நூறு இருந்தது. என்னிடம் நூற்றைம்பது. திங்கட்கிழமை வந்தது, போனது.

ஜூலையில் செல்லக்கனி சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியை வெட்டிச் சுருட்டுகிற வேலை. எந்த ஊர் நர்ஸ் கைக்கோ போய்ச் சேரும்.

முதல் நாள் காலையில் பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் வேண்டும் என்றாள். ஆண்டிச்சாமி சட்டைப்பையில் கைவிட்டு, வேறு சில்லறை இருந்தும், அந்த ரூபாயையே எடுத்துக் கொடுத்தார். அதே பஸ்ஸில் நானும் ஏறினேன். அவள் அதைக் கண்டக்டரிடம் நீட்டினாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார்.