மீனுக்குப் போன வைஃபை

பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. அதன் பிறகு சும்மாவா இருந்தேன்? ஒலிபெருக்கிக் கடை போட்டேன். மூதூர்ப் பள்ளிவாசலுக்கும் திரியாய்க் கோயிலுக்கும் ஹோர்ன் கட்டினேன். சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாதபோது லொறி பற்றரியில் கல்யாண வீடுகளைப் பாட வைத்தேன். மாடிவீடு கட்டினேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? சொல்லாவிட்டால் நீங்கள் எப்படி அறிவீர்கள்?

போன மாதம் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குச் சனசமூக நிலையம் பொது வைஃபை போட்டது. பொறுப்பு நிலையத் தலைவரின் மருமகனுக்கு. கொழும்பில் படித்த எஞ்சினியர். நிலையத்துத் தண்ணீர்த் தாங்கியின் உச்சியில் நீளமான தடி அன்டெனா ஒன்றை நட்டார். சிக்னல் சுற்றிவர அடிக்குமாம். வாங்கிய கடையிலேயே வலு கூடியது அதுதானாம்.

அடித்தது. ஒழுங்கைக்கல்ல — கடலுக்கு! நங்கூரமிட்ட படகுகளில் படுத்துக்கொண்டு படம் பார்த்தார்கள். தாங்கிக்கு நேர் கீழே குடியிருக்கும் ரமீசாவோ போனைத் தூக்கிக்கொண்டு முற்றமெல்லாம் திரிந்தார். கட்டாரில் இருக்கும் கணவரோடு ஒரு சொல் முழுதாகப் பேச முடியவில்லை.

“தம்பி, தாங்கி எங்கட தலைக்கு மேல நிக்குது. நெற் மட்டும் ஊருக்கோ?” என்று எஞ்சினியரிடம் கேட்டார்.

எஞ்சினியர் யோசித்தார். இன்னும் பெரிய தடி வாங்கி, இரண்டையும் ஒரே வைஃபைப் பெட்டியில் கொழுவலாம் என்றார்!

“தம்பி, அந்தத் தடியில வலு கூடக்கூட, அடிக்கிறது தட்டு மாதிரிச் சப்பையாப் போகும். கீழ இருக்கிற ஆக்களுக்குக் கிடையாது. கடலைப் பார்த்து ஹோர்ன் கட்டினா மீனுக்குத்தான் பாட்டு” என்றேன்.

“ஐயா, இது திருவிழா மைக் இல்லை.”

“ஓம். திருவிழா எண்டா இவ்வளவுக்குச் சனம் உங்களுக்குக் கல்லெறிஞ்சிருக்கும்.”

பெரிதாக வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பது ஒரு வியாதி. யாருக்காக வாங்குகிறோம் என்று ஒருதரம் குனிந்து பார்க்கக்கூடாதா?

தடியைக் கழற்றச் சம்மதிக்க வைத்தேன். பலகை மாதிரி இருக்கும் சின்ன அன்டெனாக்கள் இரண்டை முதுகோடு முதுகாகக் கட்டினேன். ஒன்று மேல் ஒழுங்கைக்கு, மற்றது கீழ் ஒழுங்கைக்கு — இரண்டுக்கும் முகத்தைச் சற்றுக் கவிழ்த்து. ஒரே பெட்டியில் கொழுவினால் வலு பங்குபோகும். அதனால் தனித்தனிப் பெட்டி, வேறுவேறு அலைவரிசை. ஏறியது யார்? நான். படித்தவர் ஏணியைப் பிடித்தார்.

கீழிருந்து ரமீசா கத்தினார்: “அண்ணை! இவர் வடிவாத் தெரியுறார்! மனிசன் மீசையை எடுத்திட்டார், எனக்கு ஒரு கதையும் சொல்லேல்ல!”

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. நிலைய வாசலில் புதுப் பெயர்ப்பலகை. தலைவர் பெயர், பட்டங்களோடு. ‘வடிவமைப்பு’ என்று மருமகன் பெயர். என் பெயர்..? தலைவரிடமே கேட்டேன்.

“பலகையில இடம் காணாது அண்ணை.”

இடமா இல்லை? தலைவர் அவர்களே, உங்கள் பட்டங்களில் இரண்டை அழியுங்கள். அங்கே என் பெயரை எழுதுங்கள் — மருமகன் பெயருக்கு மேலே!