கூறைச் சேலைக்கு ஒரு சட்டை

இன்று மருதனார்மடத்தில் என் தையற்கடைக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ரீச்சர் மகளோடு வந்தார். கணவர் இறந்தபின் வெள்ளைச் சேலை உடுத்து, படிப்பித்து, தனியாக அவளை வளர்த்தவர்.

மகள் சிவப்புப் பட்டுத்துணியை நீட்டினாள்.

“கூறைச் சேலைக்குச் சட்டை தைக்க வேணும், அக்கா.”

சந்தோஷத்தோடு அவளுக்கு அளவெடுக்கப் போனேன்.

“எனக்கில்லை. வாற கிழமை அம்மாவுக்குத்தான் கலியாணம்.”

அளவு நாடாவை இறக்கினேன். ரீச்சரைப் பார்த்தேன்.

“ஓம் பிள்ளை, எனக்கும் விருப்பம்தான். சொந்தக்காரர் ஒருத்தரும் வரமாட்டினமாம். நீர் எண்டாலும் வருவீரோ?” என்று கேட்டார்.

“வாறன் ரீச்சர்” என்றேன். ஆனாலும் அதிர்ச்சி போகவில்லை. ரீச்சருக்கு இரண்டுதரம் எடுத்தும் அளவு பிழையாகவே வந்தது.

நான் போகத்தான் போகிறேன். ஊரில் இன்னும் யார் யார் வருகிறீர்கள்?