மூட்டைக்குள் இருந்த சூடு

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து மாயாண்டி கொழும்புக்குப் போனது 1949இல். துறைமுக மதிலோரம் ஒரு மழைக்கோட்டுத் தொழிற்சாலை அப்போதுதான் ஐந்து தையல் மிசின்களோடு தொடங்கியிருந்தது. கப்பலில் சாமான் இறக்குகிறவர்களுக்கான கோட்டு. துணியைத் தைத்து, ஆளிவிதை எண்ணெயை மூன்று தடவை பூசி, கோட்டின் கைகளுக்குள் குறுக்குக் கம்பு செருகி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். காய மூன்று வாரம் பிடிக்கும். தலையில்லாத நூறு ஆள் கையை விரித்துக்கொண்டு தொங்குகிற கூடத்தில் வேலை செய்து பாருங்கள், அப்போது தெரியும்! காற்றே இல்லாத மத்தியானத்திலும் ஏதாவது ஒன்று மெல்லத் திரும்பும். மாயாண்டிக்கு முதுகு சில்லிட்டுப் போகும். கூட வேலை பார்த்த வீரய்யா, அவனும் அதே தோட்டத்து ஆள்தான், "ஒன்னையத்தான்டா பாக்குது" என்று சிரிப்பான்.

அங்கே ஒரே சட்டம்தான்: பிசுபிசுப்புப் போகும்வரை மடிக்கக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்த எண்ணெய்த் துணி மூட்டைக்குள் தானாகவே சூடேறும், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். நூறு பேர் வேலை செய்யும் இடமாக வளர்ந்த பிறகு சட்டத்தை யார் மதித்தார்கள்? 1957இல், கப்பல் காத்திருக்கிறது என்று முதலாளி விரட்ட, மாயாண்டி நாற்பது கோட்டைப் பிசுபிசுப்போடே மடித்துக் கட்டினான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. மறுநாள் மத்தியானம் கிடங்கு எரிந்தது. உள்ளே கண்ணயர்ந்திருந்த வீரய்யா வெளியே வரவில்லை.

வீரய்யாவின் பீடிதான் காரணம் என்றார்கள். மாயாண்டி வாயில் கொழுக்கட்டையை வைத்தவன்போல் இருந்துவிட்டான். தொழிற்சாலையை மூடினார்கள், அவன் தோட்டத்துக்கே திரும்பினான். அங்கே வீரய்யாவின் மனைவி வீரம்மா பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கம்பனியக் கொளுத்துனவன் பொஞ்சாதி' என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மூடக்கூடியவன் ஒருவன் இருந்தான், பாவி, அவனும் சும்மா இருந்தான்.

அடுத்த வருடம் ஆனி மழையில், வேறொரு கம்பனியிலிருந்து தோட்டத்துக்குக் கோட்டு மூட்டை வந்தது. ஸ்டோரில் இடமில்லை என்று பிள்ளைக்காம்பராவின் மூலையில் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை, மகளை விட வந்த மாயாண்டி வாசலிலேயே நின்றுவிட்டான். வீரம்மா மூட்டையின் மேல் கன்னத்தை வைத்துக் கண்மூடிக் கிடந்தாள். சுற்றிலும் தொட்டில்களில் பதினொரு குழந்தைகள்.

"மெதுவா பேசுங்கண்ணே," என்றாள். "அவரு வந்துட்டாரு. தொட்டுப் பாருங்க, ஒடம்புச் சூடு. அதே எண்ணெ வாசம்."

தொட்டான். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. உள்ளே ஏதோ மெல்ல முனகியது. ஒரு கணம் அவனுக்கும் வீரய்யாதான் என்று தோன்றிவிட்டது, ஐயோ! பிறகு மூட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை, இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"தங்கச்சி, அது அவன் இல்ல, நெருப்பு! காயாத கோட்ட மடிச்சா இப்பிடித்தான் சூடேறும். விடு, புள்ளைங்க கெடக்கு!"

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னைக்கு எரிஞ்ச மூட்டைய மடிச்சுக் கட்டுனதே நான்தான்."

அவள் கை தளர்ந்தது. இருவருமாக மூட்டையை உருட்டி மழையில் தள்ளினார்கள். கயிறு அவிழ்ந்து விரிந்தபோது நடுவிலிருந்த கோட்டுகள் கருகிப் புகைந்தன.

வசவுக்குக் காத்து நின்றான் மாயாண்டி. அவள் வையவில்லை.

"அவரு பீடியே தொடமாட்டாருன்னு கொழும்புக்கே வந்து மொதலாளி காலப் புடிச்சு அழுதேனே," என்றாள். "அப்ப நீங்க என் பக்கத்துலதானேண்ணே நின்னீங்க?"